டாலர், நூல், பாக்கி, வட்டி: முதலாளியின் பண முடிவுகளில் மனம் புகும் இடங்கள்

2007 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 44 ரூபாய்க்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது 39 ரூபாய்ப் பக்கம் வந்துவிட்டது. திருப்பூர் ஏற்றுமதியாளர் ஒருவர் 1 லட்சம் டாலர் ஆர்டரை 44 ரூபாய்க் கணக்கில் எடுத்திருந்தால் அவர் எதிர்பார்த்த வரவு 44 லட்சம். பத்து சதவீத லாபம் வைத்து விலை சொல்லியிருந்தால் கைக்கு நிற்பது 4.4 லட்சம். பணம் வந்த அன்று டாலர் 39.50 என்றால் வரவு 39.5 லட்சம்தான், 4.5 லட்சம் குறைவு. சரக்கு நேரத்துக்குப் போனது, பையர், அதாவது சரக்கு வாங்கியவர், ஒரு பைசா பிடிக்கவில்லை, ஆனாலும் லாபம் முழுவதும் போய்க் கையையும் கொஞ்சம் கடித்தது.

அந்த நேரத்தில்தான் வங்கிகள் சில புதிய ஒப்பந்தங்களோடு வந்தன. டாலருக்கும் சுவிஸ் பிராங்குக்கும், டாலருக்கும் யென்னுக்கும் இடையிலான விலையை வைத்துப் போடப்படும் டெரிவேட்டிவ்கள் அவை. கையை விட்டு முன்பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அவற்றின் கவர்ச்சி. பனியன் தைத்து டாலரில் பணம் வாங்குபவருக்கு சுவிஸ் பிராங்கோடு என்ன உறவு என்று கேட்க அப்போது பலருக்குத் தோன்றவில்லை. கையெழுத்துப் போட்டார்கள், தொடக்கத்தில் லாபம் பார்த்தவர்களும் உண்டு. 2008 மார்ச்சில் ஒரு டாலரின் விலை ஒரு பிராங்குக்கும் கீழே சரிந்தது. இழப்பு கோடிக்கணக்கில் ஏறியது. வழக்குகள் நீதிமன்றத்துக்குப் போயின. கோவையின் ராஜ்ஸ்ரீ சுகர்ஸ் நிறுவனம் ஆக்சிஸ் வங்கிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், இது சூதாட்ட ஒப்பந்தம் ஆகாது, செல்லுபடியாகும் என்று 2008 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாட்டிக்கொண்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்ல. நூலில் கிலோவுக்கு ஐம்பது காசுக்காக அரைமணி நேரம் பேரம் பேசத் தெரிந்தவர்கள். அவர்களை வீழ்த்தியவை என்று நான் நினைப்பது நான்கு. 44 ரூபாய்தான் 'சரியான' விலை என்று மனத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இழந்ததை எப்படியாவது திரும்பப் பிடிக்க வேண்டும் என்ற துடிப்பு. பக்கத்துக் கம்பெனிக்காரரும் போட்டிருக்கிறார் என்ற தைரியம். கடைசியாக, முதல் இரண்டு மாதம் வந்த சிறு லாபம் தந்த மிதப்பு.

இவற்றுள் எதையும் அறிவுரையால் விரட்ட முடியாது. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1970-களில் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆயிரம் ரூபாய் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஆயிரம் ரூபாய் போகும் வலி ஏறத்தாழ இரண்டு மடங்கு கனக்கிறது என்பது அவர்கள் வழியாக வந்த முடிவு. இன்னொன்றும் கவனித்தார்கள்: லாபத்தில் இருக்கும்போது கிடைத்தது போதும் என்று ஒதுங்கும் மனிதர், நஷ்டத்தில் இருக்கும்போது துணிந்து சூதாடுகிறார். கானமனுக்கு 2002-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள் ட்வெர்ஸ்கி மறைந்துவிட்டார். இத்தனை ஆராய்ந்த பிறகும் தன் மனமே இந்தத் தவறுகளைச் செய்துகொண்டுதான் இருக்கிறது என்று கானமன் சொல்லி வந்தார். ஆகவே இந்த வழிகாட்டி மனத்தைத் திருத்தப் பார்க்கவில்லை. முடிவை எங்கே, எப்போது, யார் முன்னால் எடுப்பது என்பதை மாற்றுகிறது. உதாரணங்கள் பெரும்பாலும் பின்னலாடைத் தொழிலிலிருந்து. அரிசி ஆலைக்கும் அச்சகத்துக்கும் ஆளை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

படி 1: எல்லாக் கடனையும் ஒரே மொழிக்குக் கொண்டு வாருங்கள்

மனம் பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படும், சின்ன எண்ணைப் பார்த்தால் அசட்டையாக இருக்கும். 'ரெண்டு வட்டி' என்றால் இரண்டு ரூபாய்தானே என்று தோன்றுகிறது. அது ஆண்டுக்கு 24 சதவீதம். 'மூணு வட்டி' 36. வங்கியில் 11 சதவீதம் என்றதும் 'பதினொண்ணா?' என்று முகம் சுளிப்பவர், அதே வாரம் தெரிந்தவரிடம் ரெண்டு வட்டிக்குச் சிரித்துக்கொண்டே வாங்குவார்.

தையல் மெஷின், வண்டி ஆகியவற்றுக்கான கடனில் 'ஃபிளாட்' வட்டி வேறு கண்ணைக் கட்டும். 1 லட்சம் ரூபாய், 12 சதவீதம் ஃபிளாட், 36 மாதம் என்றால் மாதத் தவணை 3,778 ரூபாய். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டியை முழு அசலுக்கும் போடுவதால் உண்மையான வட்டி ஏறத்தாழ 21 சதவீதம்.

ஏலச்சீட்டு இன்னும் தந்திரமானது, ஏனென்றால் அதைக் கடன் என்றே மனம் ஒப்புக்கொள்வதில்லை; 'என் பணத்தை நான் எடுக்கிறேன்' என்கிறது. 5 லட்ச ரூபாய்ச் சீட்டு, 20 மாதம். மூன்றாம் மாதம் அவசரத்துக்கு 1.5 லட்சம் தள்ளி எடுத்தால் கையில் வருவது 3.5 லட்சம். அதுவரை நீங்கள் கட்டியது 60,000 என்று வைத்தால் பிறரிடமிருந்து உண்மையில் பெற்றது 2.9 லட்சம். கழிவு போக இனி மாதம் சராசரியாக 22,000 வீதம் 17 மாதம் கட்டினால் 3.74 லட்சம். கணக்குப் போட்டால் மாதம் 3 சதவீதம் வருகிறது. அதாவது அப்படியே மூணு வட்டி. ஏலம் கேட்கும் இடத்தில் இந்தக் கணக்கு ஓடாது. எதிரே ஒருவர் கேட்கக் கேட்க, 'அவனுக்கு விடக்கூடாது' என்ற சூடுதான் ஓடும். எவ்வளவு வரை தள்ளலாம் என்பதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். அதைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஒரு நோட்டுப் பக்கத்தில் உங்கள் கடன்கள் அத்தனையையும் ஆண்டு வட்டிவாரியாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசைப்படுத்துங்கள். நூல் கடைக்காரர் 'ரொக்கம்னா ரெண்டு பர்சன்ட் குறைச்சுக்கறேன், இல்லேன்னா முப்பது நாள்' என்று சொல்வதையும் அதில் சேருங்கள். அந்த முப்பது நாள் கடனின் விலை ஆண்டுக்கு ஏறத்தாழ 24 சதவீதம்.

படி 2: பணத்துக்குத் தனித்தனி வீடு

மனம் பணத்துக்குப் பெயர் வைக்கிறது. நடப்புக் கணக்கில் 9 லட்சம் கிடந்தால் அது 'என் பணம்'. அதில் 20-ஆம் தேதி கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி. இருக்கிறது, தொழிலாளர் பி.எஃப். இருக்கிறது, தீபாவளி போனஸுக்கு மாதாமாதம் சேர வேண்டிய பங்கு இருக்கிறது. கடையைத் திறந்து வைத்திருக்கும் சி.சி. (கேஷ் கிரெடிட் என்ற வங்கிக் கடன்) கணக்கில் எடுக்காமல் மீதமிருக்கும் வரம்பையும் சிலர் சேமிப்பாகவே நினைக்கிறார்கள்.

பெயர் வைக்கும் இந்தப் பழக்கத்தை உங்கள் பக்கம் திருப்பலாம். தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்து, வரவு வந்த அன்றே வரிப் பங்கையும் போனஸ் பங்கையும் அதற்கு மாற்றிவிடுங்கள். வீட்டுச் செலவுக்கு மாதச் சம்பளம் என்று ஒரு தொகையை உங்களுக்கு நீங்களே நிர்ணயித்து எடுங்கள். ஜி.எஸ்.டி. தாமதத்துக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்பதால், அரசின் பணத்தில் தொழில் நடத்துவது மலிவும் அல்ல.

படி 3: உள்ளே போகும் முன்பே வெளியே வரும் விலையை எழுதுங்கள்

2022 மே மாதத்தில் பஞ்சு விலை ஒரு கண்டிக்கு, அதாவது 356 கிலோவுக்கு, 1 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஓராண்டுக்கு முன் ஏறத்தாழ அதில் பாதிதான். நூல் விலை மாதாமாதம் ஏறியது, திருப்பூரில் வேலைநிறுத்தம்கூட நடந்தது. ஒவ்வொரு ஏற்றத்தையும் கண்ணால் பார்த்தவருக்கு அடுத்த மாதமும் ஏறும் என்றுதான் தோன்றும். கண்முன் அண்மையில் நடந்ததையே இனி நடக்கப்போவதாக எடுத்துக்கொள்வது மனத்தின் மிகப் பழைய குறுக்குவழி. அந்த நேரத்தில் கடன் வாங்கி நூலை வாங்கி அடுக்கியவர்களின் குடோனில் சரக்கு இருக்கும்போதே, ஆண்டு முடிவதற்குள் பஞ்சு விலை வெகுவாக இறங்கிவிட்டது.

விலை இறங்கும்போது வேறொரு நோய் பிடிக்கும்: 'வாங்கின விலைக்கு வரட்டும், குடுத்துடலாம்.' நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பது சந்தைக்குத் தெரியாது. அதற்குக் கவலையும் இல்லை.

கையிலுள்ள ஆர்டருக்குத் தேவையானதற்கு மேல் நூல் வாங்குவது என்று முடிவெடுத்தால், வாங்கும் அன்றே மூன்று வரி எழுதுங்கள். எதற்காக வாங்குகிறேன்? என்ன விலைக்கு இறங்கினால் விற்றுவிடுவேன்? எந்தத் தேதிக்குள் ஏறாவிட்டால் விற்றுவிடுவேன்? தேதி முக்கியம். விலை வரம்பை மட்டும் எழுதியவர் அதை நெருங்கும்போது அழித்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். நாள்காட்டியை அழித்து எழுத முடியாது.

டாலருக்கும் இதே ஒழுங்குதான். ஆர்டர் உறுதியானதும், என்ன டாலர் விலையில் அடக்கம் போட்டீர்களோ அதைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உறுதியான ஆர்டரில் ஒரு பங்கை, பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றே வங்கியில் ஃபார்வர்டு கான்ட்ராக்ட் (பின்னால் வரும் டாலருக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம்) போட்டுவிடுவது என்று விதி வைக்கலாம். பங்கு எவ்வளவு என்பதை உங்கள் லாப விகிதம் தீர்மானிக்கும். ஐந்து சதவீத லாபத்தில் ஓடுபவர் பாதிக்கு மேல்கூடப் போட வேண்டியிருக்கும். இங்கே எதிரி பயமல்ல, வருத்தம். 85 ரூபாய்க்குப் போட்ட பிறகு டாலர் 87 ஆனால் 'ரெண்டு ரூபா போச்சே' என்று மனம் அரிக்கும், அடுத்த ஆர்டருக்குப் போடாமல் விட்டுவிடுவீர்கள், அந்த முறைதான் இறங்கும். ஒப்பிட வேண்டியது சந்தை விலையோடு அல்ல, அடக்க விலையோடு. 84-க்கு அடக்கம் போட்டு 85-க்கு விற்றிருந்தால் அந்தப் பாடு முடிந்தது. உங்களுக்கு வரவு வராத நாணயத்தில் யார் எந்த ஒப்பந்தம் கொண்டு வந்தாலும் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

படி 4: பாக்கி

சிறு தொழில்களை நோய் போல அரிப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு வியாபாரி உங்களுக்கு 8 லட்சம் தர வேண்டும். ஐந்து மாதம் ஆகிறது. அவர் போன் செய்து, 'இன்னொரு ஆறு லட்சத்துக்குச் சரக்கு அனுப்புங்க, பழசுல ரெண்டு லட்சம் இந்த வாரமே போட்டுடறேன்' என்கிறார். உங்கள் மனம் உடனே கணக்குப் போடுகிறது: அனுப்பாவிட்டால் எட்டும் போய்விடும். அதனால் அனுப்புகிறீர்கள். இப்போது அவர் தர வேண்டியது 12 லட்சம். மூன்று மாதம் கழித்து அதே போன் வரும், அப்போது பிடி இன்னும் இறுகியிருக்கும்.

போட்டதை விட மனம் வராமல் மேலும் மேலும் போடுவதற்கு உலகறிந்த உதாரணம் கான்கார்டு விமானம். பிரிட்டனும் பிரான்சும் 1962-இல் ஒப்பந்தம் போட்டுத் தொடங்கிய திட்டம் அது. விமானங்களை வாங்க ஆளில்லை என்பது தெளிவான பிறகும் கொட்டிய பணத்துக்காகவே தொடர்ந்தார்கள் என்ற விமர்சனம் அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அரசுகளுக்காவது வரிப்பணம் இருந்தது. உங்களுக்கு இருப்பது வீட்டுப் பத்திரம்.

அந்த போன் வரும்போது ஒரு கேள்வி போதும்: இந்த ஆள் இன்றுதான் புதிதாக வருகிறார், எட்டு லட்சத்தை ஐந்து மாதம் இழுத்தடிப்பவர் என்று ஊரில் பேர், ஆறு லட்சத்துக்குக் கடனில் சரக்கு கேட்கிறார் என்றால் கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் பழைய பாக்கி அந்தப் பதிலை மாற்றக் கூடாது. சரக்கு வேண்டுமென்றால் ரொக்கம். பழையதற்குத் தனியாகத் தவணை, வரப்போகும் தேதிகள் போட்ட காசோலையோடு. உறவு முறிந்துவிடுமே என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் அந்த உறவுக்கு இதுவரை வட்டி கட்டிக்கொண்டிருப்பது நீங்கள் மட்டும்தான்.

சட்டம் ஓரளவுக்கு உங்கள் பக்கம் நிற்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் எந்த ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. பெரிய கம்பெனிகளுக்கு நீங்கள் போட்ட பில்லை மின்னணு ஏலத்தில் வைத்து முன்கூட்டியே பணமாக்கிக்கொள்ள 'டிரெட்ஸ்' தளங்களும் இருக்கின்றன. புகார் கொடுத்தால் ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பலர் இந்தப் பக்கமே வருவதில்லை. அதற்கு வழி, சண்டை வந்த பிறகு சட்டத்தைக் கையில் எடுக்காமல், முதல் பில்லிலேயே உத்யம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எண்ணையும் 45 நாள் நிபந்தனையையும் அச்சடித்துவிடுவது. எல்லார் பில்லிலும் இருக்கும் வாசகம் என்றால் யாருக்கும் கோபம் வராது.

ஒவ்வொரு பையருக்கும் கடன் வரம்பு ஒன்று வையுங்கள். அதைத் தாண்டினால் டெலிவரி சலான் போடக் கூடாது என்று கணக்குப் பிள்ளையிடம் சொல்லி, மீறும் அதிகாரத்தை உங்களிடமே வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: கொஞ்சம் நாற்காலியை விட்டு எழுந்திருங்கள்

1985-இல் இன்டெல் நிறுவனம் மெமரி சிப் தொழிலில் ஜப்பானியரிடம் தோற்றுக்கொண்டிருந்தது. அந்தத் தொழிலில்தான் நிறுவனம் பிறந்தது, விட மனமில்லை. ஆண்டி குரோவ், தன் சகா கோர்டன் மூரிடம் கேட்டார்: நம்மைத் தூக்கிவிட்டுப் புதியவர் ஒருவரைக் கொண்டு வந்தால் அவர் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர். அப்படியானால் அதை நாமே செய்யலாமே என்று முடிவெடுத்து, மைக்ரோபிராசசர் பக்கம் திரும்பினார்கள்.

அப்பா ஆரம்பித்த சாயப்பட்டறை, நஷ்டத்தில் ஓடும் இரண்டாவது கடை, மகன் பெயரில் தொடங்கிய பிராண்டு, எதுவானாலும் இந்தக் கேள்வியை ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டர் முன்னால் கேட்டுப் பாருங்கள். தனியாகக் கேட்டால் நமக்குப் பிடித்த பதிலே வரும்.

படி 6: விரிவாக்கத்துக்கு முன் ஒரு சாவுக் கணக்கு

அமெரிக்காவில் 2,994 தொழில்முனைவோரிடம் எடுத்த ஓர் ஆய்வு 1988-இல் வெளியானது. தங்கள் தொழில் வெற்றி பெற பத்துக்கு ஏழு அல்லது அதற்கு மேல் வாய்ப்பு என்று 81 சதவீதம் பேர் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் பத்துக்குப் பத்து என்றார். அதே போன்ற தொழிலை வேறொருவர் செய்தால் என்று கேட்டதற்கு, ஏழோ அதற்கு மேலோ கொடுத்தவர்கள் 39 சதவீதம்தான்.

இந்த நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் தொழிலே தொடங்க மாட்டார்கள் என்பதும் உண்மை. அதனால் அதைத் தொழில் தொடங்கப் பயன்படுத்துங்கள், கடன் தொகையை முடிவு செய்யப் பயன்படுத்தாதீர்கள். புதிய யூனிட்டுக்குக் கையெழுத்துப் போடும் முன், உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன முறை ஒன்று உதவும். பங்காளி, மேனேஜர், வீட்டில் உள்ளவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, 'இன்னும் ரெண்டு வருஷத்துல இந்த யூனிட்டை மூடிட்டோம், ஏன் மூடினோம்னு ஆளுக்கொரு தாள்ல எழுதுங்க' என்று சொல்லுங்கள். 'சரியா வருமா?' என்று கேட்டால் முதலாளி முகத்தைப் பார்த்து எல்லாரும் தலையாட்டுவார்கள். மூடியாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் வாய் திறக்கும். ஒரே நாட்டுப் பையரை நம்பியிருக்கிறோம் என்று ஒருவர் எழுதக்கூடும். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அந்தத் தாளின் மதிப்பு பலருக்குப் புரிந்திருக்கும்.

படி 7: வெட்கத்தின் விலை

பயமும் பேராசையும் பேசப்படும் அளவுக்கு வெட்கம் பேசப்படுவதில்லை. என் பார்வையில் இவற்றுள் விலை அதிகமானது அதுதான்.

தவணை ஒன்று தவறுகிறது. வங்கி மேலாளரிடம் போய்ச் சொல்லக் கூச்சம், மனைவியிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். வெளியே தெரியக்கூடாதென்று நகை அடகுக்குப் போகிறது. அடுத்து கைமாற்று, பிறகு மூணு வட்டி, கடைசியில் மீட்டர் வட்டி. மேலே போகப் போகக் கேள்வி கேட்பவர் குறைகிறார், வட்டி ஏறுகிறது. உண்மையில் அந்த வட்டியின் பெரும்பகுதி ரகசியத்துக்காகக் கட்டப்படுவது. 2003-இல் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தும் இந்தச் சந்தை ஓயாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வங்கியின் கணக்கு இப்படி ஓடுகிறது: தவணை தவறி 30 நாள் வரை முதல் எச்சரிக்கை நிலை, 60 வரை இரண்டாவது, 90 வரை மூன்றாவது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். அந்த 90 நாளுக்குள் போகிறவருக்கு வழிகள் திறந்திருக்கின்றன. நலிவடையும் சிறு தொழில்களுக்காக மத்திய அரசு 2015-இல் ஒரு புனரமைப்பு ஏற்பாட்டை அறிவித்தது. 25 கோடி வரை கடன் உள்ளவர் வங்கியின் குழுவிடம் தாமாகவே விண்ணப்பித்து, தவணையை மாற்றி அமைக்கக் கேட்கலாம்.

ஆகவே முதல் தவணை தவறும் என்று தெரிந்த வாரமே வங்கிக்குப் போங்கள். போகும்போது மூன்று தாள்: வர வேண்டிய பாக்கிப் பட்டியல், கையிலுள்ள ஆர்டர்கள், அடுத்த ஆறு மாத வரவு செலவு. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போகிறவரைவிடத் தாளோடு போகிறவரிடம் மேலாளர் அதிக நேரம் பேசுவார். வீட்டில் சொல்வதற்கு இதைவிட நல்ல சமயம் வராது. நகையும் பத்திரமும் அவர்களுடையவையும்தானே.

இதே வெட்கத்தின் மறுபக்கம் கௌரவம். ஒரு நல்ல சீசன் முடிந்ததும் சொந்தக் கட்டிடம், பெரிய கார். நல்ல சீசனின் லாபத்தில் நிரந்தரச் செலவு எதையும் ஏற்க வேண்டாம். இரண்டு சுமாரான சீசனைத் தாண்டிய பிறகு பார்க்கலாம். கல்யாணச் செலவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

படி 8: தொகையைப் பொறுத்துத் தாமதம், வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

ஒரு மாதச் சம்பளப் பட்டுவாடாவுக்கு மேற்பட்ட எந்தத் தொகைக்கும் அன்றே கையெழுத்து இல்லை என்று விதி வையுங்கள். 'இன்னைக்கு மட்டும்தான் சார் இந்த ரேட்' என்று சொல்பவருக்கும் அதுவே பதில். ஷிப்மெண்ட் ரத்தான நாளிலும் பெரிய ஆர்டர் கிடைத்த நாளிலும் இந்த விதி இரட்டிப்பாக வேலை செய்யும்.

வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அவர் உங்களிடம் சம்பளம் வாங்குபவராக இருந்தால் சொல்ல மாட்டார், போட்டியாளராக இருந்தால் உண்மை சொல்ல மாட்டார். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, வேறு தொழிலில் இருக்கும் மாமா, ஆடிட்டர் என்று யாராவது ஒருவர். அவரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முடிவின் காரணத்தை ஐந்து நிமிடத்தில் சொல்லிப் புரியவைக்க முடிகிறதா என்று பார்த்தால் போதும். அந்த பிராங்கு ஒப்பந்தத்தை அப்படி ஒருவருக்கு விளக்க முயன்றிருந்தால் எத்தனை பேர் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள்!

முடிவெடுத்த அன்றே ஒரு நோட்டில் தேதி, தொகை, காரணம், எதிர்பார்க்கும் பலன், அன்றைய மனநிலை ஆகியவற்றை எழுதிவிடுங்கள். மனநிலைக்கு ஒரு சொல் போதும்: பயம், கோபம், குஷி, அவசரம். ஏப்ரலில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது அந்த நோட்டையும் ஐந்தொகையையும் பக்கத்தில் பக்கமாக வைத்துப் படியுங்கள். நஷ்டமான முடிவுகளில் எந்தச் சொல் அதிகம் வருகிறதோ, அடுத்த ஆண்டு அந்த மனநிலையில் இருக்கும் நாளில் காசோலைப் புத்தகம் பங்காளியிடம் இருக்கட்டும்.